மலிவு 1073 நகலில் எதை முதலில் மாற்றுவது?

கோத்தகிரிப் பக்கம் சின்ன ஒலிப்பதிவு அறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். நீவ் 1073 என்ற புகழ்பெற்ற ஸ்டுடியோக் கருவியைப் பார்த்துச் செய்த மலிவு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) இரண்டை வாங்கியிருக்கிறார். படகர் பாட்டு, சர்ச் கொயர், கோத்தர்களின் கொள் என்ற குழல், தப்பட்டை எல்லாம் பதிவு செய்கிறார். மாலை நேரத்தில் ஒரு உறுமல் வருகிறது. ஒலியிலும் எதிர்பார்த்த கனம் இல்லை. கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் மாற்றிவிடலாமா, எதில் ஆரம்பிப்பது என்பது அவர் கேள்வி.

எந்த உதிரியையும் மாற்றும் முன் பெட்டிக்கு வரும் மின்சாரத்தை அளந்து பாருங்கள். அடுத்ததாக, பெட்டிக்கு வெளியே மூன்று ரெசிஸ்டர் வைத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றலாம். கெப்பாசிட்டர் மாற்றம் ஆயுளுக்கு நல்லது, ஒலிக்கு அதிகம் செய்யாது. டிரான்சிஸ்டரைத் தொடவே வேண்டாம். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

அசல் 1073 ரூபர்ட் நீவின் நிறுவனம் 1970-இல், லண்டனிலிருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோவின் கன்சோலுக்காக (ஒலிக்கலவை மேசை) வடிவமைத்தது. அதில் ஐசி கிடையாது. தனித்தனி டிரான்சிஸ்டர்கள், ஒற்றை 24 வோல்ட் சப்ளை, உள்ளே நுழையும் இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியேறும் இடத்தில் ஒன்று. கடைசிக் கட்டத்தில் இருப்பது 2என்3055. நம் ஊர்களில் குழாய் ஸ்பீக்கர் ஓட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு மெக்கானிக்குகள் "3055 கொடுங்க" என்று கேட்டு வாங்குவார்களே, அதேதான். கிளாஸ் ஏ முறையில் அது சத்தமே இல்லாதபோதும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த நேர்மின்னோட்டம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று வழியாகவே ஓடுகிறது. அதனால்தான் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கருவில் வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மலிவு நகல்களும் பெரும்பாலும் இதே சுற்றைத்தான் பின்பற்றுகின்றன. சுற்றில் ரகசியம் எதுவும் இல்லை. விலை குறைவது டிரான்ஸ்ஃபார்மரிலும், சுவிட்சிலும், சப்ளையிலும், பெட்டியிலும்தான்.

முதலில் அந்த மாலை உறுமல். பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிற மலை இது. ஆனாலும் எஸ்டேட் லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு, கீசரும் ஹீட்டரும் ஊரெல்லாம் போடுகிற நேரத்தில், 230 வோல்ட் வருவதில்லை. இந்த நகல்களில் பல 24 வோல்ட் ஏசி அடாப்டரில் ஓடுபவை. உங்களுடையதும் அப்படி இருந்தால் கணக்கு இப்படிப் போகும். 24 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 34. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடுகளில் 1.4 கழிந்தால் 32.5 மிஞ்சும். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் 24 வோல்ட் டிசியைச் சுத்தமாகத் தர, அதன் உள்காலில் 26, 27 வோல்ட்டாவது இருக்க வேண்டும். லைன் 230 இருக்கும்வரை பிரச்சினை இல்லை. லைன் 170-க்கு இறங்கினால் அடாப்டர் தருவது 17.7, அதன் உச்சம் 25, டயோடு கழித்தால் 23.7. ரெகுலேட்டருக்கு அந்த நிமிடத்தில் வேலையே இல்லை. கெப்பாசிட்டரில் இருக்கும் அலைப்பு (டிசியில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) அப்படியே ஒலிப் பாதைக்குள் இறங்கும். 190 வோல்ட்டிலேயே சுமார் 26.6 தான் வருகிறது, அலைப்பையும் கழித்தால் அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது.

மாலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் ப்ரீஆம்பை ஓடவிட்டு, ரெகுலேட்டரின் உள்காலிலும் வெளிக்காலிலும் டிசி வோல்டேஜை மல்டிமீட்டரில் பாருங்கள். மதியம் ஒரு தடவை இதே இடங்களில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே மாலையில் 2 வோல்ட் கூட இல்லை என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

காதாலும் ஓரளவு பிரித்துச் சொல்லலாம். 50 ஹெர்ட்ஸ் உறுமல் தாழ்ந்து, வட்டமாக, 'ம்ம்ம்' என்று இருக்கும். அது எர்த் லூப்பிலிருந்தோ (இரண்டு வழியில் எர்த் சேர்ந்து உண்டாகும் வளையம்) பக்கத்தில் இருக்கும் வேறொரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ வருவது. பிரிட்ஜைத் தாண்டி வரும் 100 ஹெர்ட்ஸ் அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கரகரப்போடு இருக்கும். பதிவு மென்பொருளில் அலைவரிசை வரைபடத்தைத் திறந்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும். உங்கள் போர்டில் ஒற்றை டயோடு வைத்து அரை அலையாகத் திருத்தியிருந்தால் சப்ளை உறுமலும் 50-இலேயே வரும். அப்போது மீட்டர்தான் துணை.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்களா? வீட்டு இன்வெர்ட்டர்களில் பல சதுர அலை தருபவை. 230 வோல்ட் சைன் அலைக்கு உச்சம் 325. 230 வோல்ட் சதுர அலைக்கு உச்சமும் 230-தான். அதை உங்கள் அடாப்டர் வழியாகப் பார்த்தால் உச்சம் 24, டயோடு கழித்து 22.6. பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தாலும் ரெகுலேட்டர் பட்டினிதான். பதிவுக்கு சுத்த சைன் அலை இன்வெர்ட்டரோ ஆன்லைன் யூபிஎஸ்ஸோ வேண்டும். லைன் வோல்டேஜுக்கு சர்வோ ஸ்டெபிலைசர் நல்லது. ரிலே வகை படிப்படியாகத் தாவும்போது 'டக்' என்ற சத்தம் பதிவில் விழ வாய்ப்புண்டு.

அடாப்டரை 28 வோல்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்ததே என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். நள்ளிரவில் லைன் 250-க்கு ஏறும்போது 28 வோல்ட் அடாப்டரின் உச்சம் 43-ஐத் தொடும். உள்ளே இருக்கும் வடிகட்டும் கெப்பாசிட்டர் 35 வோல்ட் ரகமாக இருந்தால் அது வெடிக்கக்கூடும்.

50 ஹெர்ட்ஸ் உறுமல் என்று தெரிந்தால் வேறு வழி. அடாப்டரில் ஓடும் பெட்டிக்குச் சொந்தமாக எர்த் இருக்காது. ஆடியோ கேபிள் வழியாக, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸின் எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் 1-ஆம் பின் எங்கே போகிறது என்று பாருங்கள். கேபிளின் ஷீல்டு அங்கேதான் சேர்கிறது. அது நேராகப் பெட்டியின் உலோக உடலைத் தொட வேண்டும். மலிவுப் பெட்டிகளில் அது போர்டுக்குள் ஒரு மெல்லிய தடமாக அலைந்து திரிந்துவிட்டுத்தான் உடலைச் சேரும். ஷீல்டில் ஓடும் இரைச்சல் மின்னோட்டம் அப்படியே சிக்னல் பூமியோடு கலந்துவிடும். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதற்கு '1-ஆம் பின் கோளாறு' என்றே பெயர். 1-ஆம் பின்னிலிருந்து சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, பெயின்ட்டைச் சுரண்டிய உலோகத்தில், குட்டையான தடித்த வயர் ஒன்றைத் திருகி இணைத்தால் போதும். உள்ளே செய்யும் மாற்றங்களில் காசுக்கு மிகுதியாகத் திருப்பித் தருவது இதுதான் என்பது என் கருத்து.

எர்த் குழியையும் மறக்காதீர்கள். பாறையும் சரளையுமான சரிவில் மாசி, பங்குனியில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீசியனை வைத்து அளந்து, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டிய விஷயம் அது. உறுமலைக் குறைக்க பிளக்கின் எர்த் காலை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உயிர் அதில் இருக்கிறது.

அடுத்தது ஈரம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி ஆடியிலும், உங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். போர்டில் சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் அது ஈரத்தை இழுத்து, உயர்மின்தடை இடங்களில் கசிவை உண்டாக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் எடுத்து போர்டைக் கழுவிக் காயவிடுங்கள். கெயின் (பெருக்கும் அளவு) சுவிட்சைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து முழுச் சுற்றும் பலமுறை திருப்புங்கள். பெட்டியைப் பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட்டால், கிளாஸ் ஏ சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைத் தானே விரட்டும். மூடுபனியில் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிவதை ப்ரீஆம்பின் தலையில் போடாதீர்கள். அது மைக்கின் தலைக்குள் நடக்கும் கசிவு. மைக்கை சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துப் பாருங்கள்.

இனி ஒலிக்கு வருவோம். 1073 போன்ற சுற்று 600 ஓம் சுமையை ஓட்டுவதை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அந்தக் கால ஸ்டுடியோவில் அதுதான் வழக்கம். இன்றைய இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் 10,000 ஓம் அல்லது அதற்கு மேல். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உச்ச அலைவரிசைகளில் ஒரு முனைப்பைக் காட்டும். 'ச', 'ஷ' ஒலிகள் கூர்மையாகக் குத்துவதும், கனம் இல்லை என்ற எண்ணமும் இதனாலேயே வரலாம். சில நகல்களில் 600 ஓம் சுமைக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் குறுக்கே 620 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எக்ஸ்எல்ஆர் பிளக்குக்குள்ளேயே வைக்கலாம்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2-ஆம் பின் வழியில் 270 ஓம், 3-ஆம் பின் வழியில் 270 ஓம், அவற்றுக்கு அப்பால், இன்டர்ஃபேஸ் பக்கம், இரண்டுக்கும் குறுக்கே 62 ஓம். மொத்தம் 602. ப்ரீஆம்புக்கு 600 ஓம் சுமை கிடைத்துவிட்டது. இன்டர்ஃபேஸ் பார்ப்பது 602-இல் 62 பங்கு, அதாவது ஏறத்தாழ 20 டெசிபெல் குறைவு. கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போதும். இரண்டு 270-களையும் மீட்டரில் பார்த்து நெருக்கமான ஜோடியாக எடுங்கள்.

20 டெசிபெல் குறைப்பது எதற்கு? டிரான்ஸ்ஃபார்மரின் குணம் அதை ஓட்டினால்தான் வெளியே வரும். இரும்புக் கருவுக்குள் காந்தப் பாயம் வோல்டேஜ் கூடக் கூட ஏறும், அலைவரிசை கூடக் கூட இறங்கும். ஆகவே இரும்பு தன் நிறத்தைக் காட்டுவது தாழ்ந்த சுருதியும் உரத்த அளவும் சேரும் இடத்தில்தான். கோத்தர்களின் தப்பட்டை, கொயரின் ஆண் குரல்கள் இதில் கனம் பெறும். நடுத்தர உரப்பில் பாடும் ஒரு பெண் குரலை மெதுவான அளவில் அனுப்பினால் எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வித்தியாசம் மிகச் சிறிது. பேட் (மேலே சொன்ன மூன்று ரெசிஸ்டர் கூட்டு) இல்லாமல் ப்ரீஆம்பை அந்த அளவுக்கு ஓட்டினால் இன்டர்ஃபேஸ்தான் முதலில் அலையின் முனைகளை வெட்டும். அதனால் பலரும் ப்ரீஆம்பைக் குறைத்து வைத்தே காலம் தள்ளுகிறார்கள், பிறகு கனம் இல்லை என்கிறார்கள்.

முன் பக்கத்தில் இருக்கும் அவுட்புட் குமிழைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல நகல்களில் அது கடைசிக் கட்டத்துக்கு முன்னால் இருக்கிறது. அப்படியானால் கெயினை ஏற்றி அவுட்புட்டைக் குறைப்பது முன்கட்ட டிரான்சிஸ்டர்களை மட்டும் நெருக்கும். கடைசிக் கட்டமும் டிரான்ஸ்ஃபார்மரும் சும்மா இருக்கும். அந்த ஒலி வேறு, கொஞ்சம் கரடுமுரடு. இரும்பு பேச வேண்டுமென்றால் இரண்டையும் ஏற்றிவிட்டு, வெளியே அந்த பேட் வழியாகக் குறைக்க வேண்டும். சர்க்யூட்டைப் பார்த்து உங்கள் குமிழ் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் லைன் இன்புட்டையே பயன்படுத்துங்கள். மைக் இன்புட்டில் சொருகினால் நீவ் ஒலிக்கு மேல் அந்த இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்பும் ஏறி உட்காரும். பாண்டம் பவர் (மைக்குக்குக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) தவறிப் போட்டிருந்தால் அது இன்னொரு தொல்லை.

இவ்வளவும் செய்து சில பதிவுகள் எடுத்த பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற நினைத்தால், அதற்கு நியாயம் உண்டு. இந்தச் சுற்றில் ஒலியை உண்மையாகவே மாற்றக்கூடிய ஒரே உதிரி அது. அசலின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஈடாக இங்கிலாந்தின் கார்ன்ஹில் செய்வது விடிபி1148. மைக் இன்புட்டுக்கு ஈடு விடிபி9045. எந்த நிறுவனத்தினுடையதை வாங்கினாலும் நேர்மின்னோட்டம் தாங்கும் இடைவெளிக் கருவுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன காரணம்தான். இடைவெளி இல்லாத, மற்றபடி மிக உயர்ந்த டிரான்ஸ்ஃபார்மரை இங்கே போட்டால், அந்த நேர்மின்னோட்டமே கருவை நிறைத்துவிடும். தாழ்ந்த ஒலிகள் நொறுங்கிப் போகும். காசு போட்டுக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

புதியது பழையதைவிட உயரமாக இருக்கலாம், மூடி மூடுமா என்று அளந்துவிடுங்கள். பெட்டியில் துளை போட வேண்டியிருந்தால் போர்டை வெளியே எடுத்துவிட்டே போடுங்கள். ஒரு இரும்புத் தூள் போதும் ஷார்ட் ஆக. சுற்றுகளின் வயர் நிறங்களை உற்பத்தியாளர் தாளோடு ஒப்பிட்டு, எது ஆரம்பம் எது முடிவு என்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி இணைத்தாலும் சத்தம் வரும், ஆனால் அலை தலைகீழாக வரும். இரண்டு சேனலிலும் கொயரைப் பதிவு செய்யும்போது நடு ஒலி காணாமல் போவது அப்போதுதான் தெரியும். ஒரே கைதட்டலை இரண்டு சேனலிலும் பதிவு செய்து, முதல் முனை இரண்டிலும் ஒரே பக்கம் எழுகிறதா என்று பார்த்தால் போதும். மாற்றிய பிறகு கடைசிக் கட்டத்தின் பயாஸ் டிரிம்மரை (சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அமைக்கும் சிறு திருகு) சரிபார்க்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை ஏற்றிக்கொண்டே போய், ஆஸிலோஸ்கோப்பில் மேல் முனையும் கீழ் முனையும் சேர்ந்து வெட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் போர்டின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்புட் டிரான்ஸ்ஃபார்மரை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். அங்கே சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கிறது, இரும்பு பேசுவதற்கான உரப்பு அநேகமாக அங்கே வருவதில்லை. மாற்றியே தீருவேன் என்றால் அதன் மேல் ஓம் அளவில் மல்டிமீட்டர் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டம் கருவைக் காந்தமாக்கக்கூடும்.

கெப்பாசிட்டருக்கு ஒரு கணக்குப் போதும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 10 கிலோஓம் சுமையைப் பார்த்தால் அதன் தாழ்வெல்லை 1.6 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20-இல் ஆரம்பிக்கிறது. அதை 47 ஆக்கினால் எல்லை 0.34-க்கு இறங்கும், கேட்பதற்கு எதுவும் கூடாது. வயதான எலக்ட்ரோலைட்டிக்குகளை, முக்கியமாக சூடான ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருப்பவற்றை, 105 டிகிரி ரகமாக மாற்றுவது நல்ல பராமரிப்பு. டான்டலம் கெப்பாசிட்டரைத் தொட்டால் துருவம் பார்த்து வையுங்கள். தலைகீழாக வைத்தால் ஷார்ட் ஆகி எரியும்.

டிரான்சிஸ்டர் மாற்றம் வேண்டாம் என்றதற்குக் காரணம் எளிது. பழைய எண் அச்சடித்த போலிகள் சந்தையில் ஏராளம். ஒரே பெயருக்கு அருகில் இருக்கும் ரகங்களிலும் கால் வரிசை மாறும், பிசி184-உம் பிசி184எல்-உம் அப்படித்தான். கிடைக்கும் பலனோ இரைச்சலில் ஒன்றிரண்டு டெசிபெல்.

அந்த ஒன்றிரண்டு டெசிபெல் உங்கள் அறையில் கேட்குமா என்பதையும் பார்த்துவிடலாம். ஷ்யூர் எஸ்எம்57 மைக் 94 டெசிபெல் ஒலிக்கு ஏறத்தாழ 1.6 மில்லிவோல்ட் தரும். 1073 வகை ப்ரீஆம்பின் இன்புட் இரைச்சல் -125 டிபியு என்று வைத்தால் அது 0.44 மைக்ரோவோல்ட். இரண்டையும் ஒப்பிட்டால், ப்ரீஆம்பின் இரைச்சல் அறையில் 23 டெசிபெல் ஒலி இருப்பதற்குச் சமம். மலையில் அமைதியான இரவில் நல்ல அறை ஒன்று அந்த அளவை நெருங்கலாம். தகரக் கூரையில் சாரல் விழுந்தால் நெருங்கவே முடியாது. காசு இருந்தால் கூரைக்கு உள்பக்கம் கனமான இரட்டைப் பலகை அடியுங்கள், அந்த டிரான்சிஸ்டரைவிட அது பல மடங்கு தரும். கொள் போன்ற உரத்த இரட்டை நாக்கு வாத்தியத்துக்கு இரைச்சல் கவலையே வேண்டாம். மைக்கில் 114 டெசிபெல் விழுந்தால் 16 மில்லிவோல்ட் வருகிறது, 40 டெசிபெல் கெயினே மிகுதி. இந்தச் சுற்றில் சுமார் 50 டெசிபெலுக்கு மேல் போனால்தான் இன்னொரு கெயின் கட்டம் சேரும். அதற்குக் கீழேயே நில்லுங்கள்.

உங்களிடம் இரண்டு பெட்டி இருப்பது பெரிய வசதி. ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். ஒரே பதிவை இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து தகுந்த அளவுக்குக் குறைத்து இரண்டுக்கும் அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யுங்கள். இரண்டின் அளவையும் 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்த பிறகே ஒப்பிடுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் 'நன்றாக' இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். பிறகு ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். மிஞ்சும் ஒலிதான் இரண்டுக்கும் உள்ள மொத்த வித்தியாசம். தப்பட்டைப் பதிவு ஒன்று, தனிக்குரல் ஒன்று என்று இரண்டிலும் செய்யுங்கள். மிச்சத்தில் தாழ்ந்த அடிகள் மட்டும் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தன் வேலையைச் செய்கிறது. 'ச' ஒலிகள் கேட்டால் 600 ஓம் சுமை ஒன்றில் இருந்து, மற்றதில் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவது பெட்டிக்குக் காசு செலவழிப்பதா என்பதை அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

முதலில் அந்த ரெகுலேட்டர் கால்களின் மதிய, மாலை வோல்டேஜ்களை எழுதி அனுப்புங்கள். போர்டின் இரு பக்கப் படமும் சேர்த்து அனுப்பினால் அவுட்புட் குமிழ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.